ஆடியவர்கள் எழுப்பிய பள்ளிக்கூடம்



தமிழ் சொல்லிக்கொடுப்பவர் பேசாத படத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். பேச்சும் எழுத்துமே நம் தொழில். ஆயினும் தொடக்கநிலை வகுப்புகளில் பாடம் நடத்துவோர்க்கு ஊமைப்படம் உற்ற துணை என்பது என் அனுபவம். வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும்போது ஒரு காணொளியைக் காட்டி, கண்டதைச் சொல்லச் சொல்கிறோம். ஒலி இருந்தால் பிள்ளைகள் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். ஒலியை அடைத்துவிட்டால் தாமே சொற்களைத் தேடுவார்கள். “அவர் ஏன் தலையைக் குனிந்தார்?” என்று கேட்டால், கண்ணால் கண்டதிலிருந்து காரணத்தை உருவாக்கியாக வேண்டும். தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் படத்தைக் காட்டி உரையாடும் முறையைக் கற்றேன். அதன் தொடர்ச்சியாகவே பழைய பேசாப்படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அவ்வாறு தேடியபோது கண்ணில் பட்டது ‘சாங்’ என்னும் ஜெர்மானியப் படம். 1928ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ரிச்சர்ட் ஐக்பெர்க். சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க நடிகை அன்னா மே வோங் அதன் நாயகி. இங்கிலாந்தில் இதே படம் ‘ஷோ லைஃப்’ என்னும் பெயரில் ஓடியது. மேடைக் கேளிக்கையை நம்பிப் பிழைப்பவர்களின் வாழ்க்கை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க படமன்று அது. ஆனால் பார்த்து முடித்தபின் பல நாள் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கதை எளியது. நாதியற்ற ஓர் இளம்பெண்ணைக் கத்தி வீசும் வித்தைக்காரன் ஒருவன் முரடர்களிடமிருந்து காப்பாற்றுகிறான். அவள் நன்றிக்கடனாக அவனுடைய வித்தையில் பங்கேற்கிறாள். பலகையோடு ஒட்டி நிற்கும் அவளைச் சுற்றிக் கத்திகள் வந்து குத்தி நிற்கின்றன. அவன் மனமோ வேறொரு நாட்டியக்காரியிடம் இருக்கிறது. அவளைக் கவர்வதற்காகக் குற்றத்தில் இறங்கி, அதன் விளைவாகக் கண்பார்வையை இழக்கிறான். சாங் அவனுக்குக் கண்ணாக இருந்து பேணுகிறாள். பார்வை மீண்டதும் அவளை விரட்டிவிடுகிறான். பின்னர் அவள் பெரிய கேளிக்கை விடுதியில் புகழ்பெற்ற ஆடல் நங்கையாகிறாள். வாள்களுக்கு நடுவே ஆடுவது அவளுடைய சிறப்பு நிகழ்ச்சி. கூட்டத்தில் அவனைக் கண்ட அதிர்ச்சியில் தடுமாறி வாள்முனையில் விழுகிறாள். அவன் தன் பிழையை உணரும் நேரத்தில் அவள் உயிர் பிரிகிறது.

அன்னா மே வோங் திரையில் இறப்பது அதுவே முதன்முறையன்று. 1922இல் வந்த ‘டோல் ஆஃப் தி சீ’ படத்தில் கடலில் இறங்கி உயிர்விட்டார். 1929இல் வெளிவந்த ‘பிக்கடில்லி’ படத்தில் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணாக வந்து, மேடையேறி ஆடிப் புகழ்பெற்றபின் கொலையுண்டார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்தில் 1905ஆம் ஆண்டு பிறந்த அவர், நல்ல வேடங்களுக்கு ஹாலிவுட்டில் இடமில்லை என்று மனம்நொந்தே ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே தலைமை வேடங்கள் கிடைத்தன. முடிவு மட்டும் பெரிதும் மாறவில்லை. ஆடுபவள் இருந்தால் அவள் கதையின் முடிவில் இறக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று அக்காலத் திரைக்கு இருந்தது போலும்! காண்போர் அவள் ஆட்டத்தைக் கண்டு மகிழ்வர். அவள் சாவைக் கண்டு கண்ணீர் சிந்துவர். பிறகு நிம்மதியாக வீடு திரும்புவர். அவள் அவர்களுடைய வீட்டுக்கு அருகில் குடிவந்து வாழ வேண்டிய தொல்லை இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அப்படமன்று. அதே 1928ஆம் ஆண்டில் நம் சிங்கப்பூரின் சைனாடவுனில் எழுந்த ஓர் அரங்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல முனைந்தபோது நான் அறிந்துகொண்ட செய்திகளே காரணம்.

சைனாடவுன் என்றதும் நம்மவர் பலருக்குச் சீனப் புத்தாண்டு விளக்குகளும் கடைவீதியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827ஆம் ஆண்டு தோன்றிய மாரியம்மன் கோவிலும், அதற்குச் சில அடி தொலைவில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் அங்கேதான் உள்ளன. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு எதிரே வானுயர நிற்கும் கட்டடங்களை விட்டுவிட்டுத் தெருப்பெயர்ப் பலகையைப் பாருங்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்று இருக்கும். திருநெல்வேலிச் சீமையின் ஓர் ஊர்ப்பெயர் சைனாடவுனின் தெருவாக நிலைத்திருக்கிறது. அத்தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடக் கதையும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அங்கிருந்து நடந்து இயூ தோங் சென் ஸ்திரீட்டுக்கு வந்தால், வண்ண ஓடுகள் பதித்த முகப்புடன் மஜெஸ்டிக் அரங்கக் கட்டடம் தெரியும். தகரச் சுரங்கம், ரப்பர், சீன மருந்து எனப் பல துறைகளில் பெரும்பொருள் ஈட்டிய இயூ தோங் சென் கந்தோனிய இசைநாடகத்திற்கென்று கட்டியது. 1928இல் நிறைவுபெற்றது. இசைநாடகத்தின்மேல் தணியாத ஆர்வம் கொண்டிருந்த தம் மனைவியருள் ஒருவருக்காகக் கட்டினார் என்று சொல்வதுண்டு. பின்னர் அது திரையரங்காக மாறி, 1990களின் இறுதி வரை படம் காட்டியது.

அரங்கத்தின் உள்ளே ஆடல் பாடல் மதிக்கப்பட்டது. வெளியே ஆடிய, பாடிய பெண்கள் எவ்வாறு மதிக்கப்பட்டார்கள்? சைனாடவுனின் செல்வர் மன்றங்களில் ‘பிப்பா’ என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும் இளம்பெண்கள் இருந்தனர். அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே வறுமையால் விற்கப்பட்டோ, தத்துக் கொடுக்கப்பட்டோ வந்தவர்கள். வளர்த்தவர் பாட்டுப் பயிற்றுவித்து, அவர்கள் ஈட்டியதைத் தாம் பெற்றுக்கொண்டார். பள்ளிக்கூட வாசலை அவர்களுள் எத்தனை பேர் மிதித்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

இதே காலத்தில் நகரின் பிற பகுதிகளில் மூன்று ‘உலகங்கள்’ தோன்றின. ஜாலான் புசாரில், நம் சிராங்கூன் சாலைக்கு மிக அண்மையில், 1923ஆம் ஆண்டு நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. சைனாடவுனுக்கு அப்பால் ஆற்றுப்பக்கமாக, கிம் செங் ரோடு அருகில் கிரேட் வோர்ல்ட் வந்தது. 1930களின் நடுப்பகுதியில் கேலாங் பக்கம் ஹேப்பி வோர்ல்ட் தொடங்கப்பட்டது. இம்மூன்றிலும் சீன இசைநாடகம், மலாய் பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, மற்போர், திரைப்படம், இராட்டினம், உணவுக்கடை என எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. தொலைக்காட்சி இல்லாத அந்நாளில் கூலித் தொழிலாளர் முதல் செல்வர் வரை எல்லா இனத்தவரும் கூடிய இடங்கள் இவை. இன்று நம் பிள்ளைகள் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குச் செல்லும்போது அதன் முன்புறத் திடலில் நியூ வோர்ல்டின் பழைய வாயிலைக் காணலாம். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். அது எதற்கு வாயிலாக இருந்தது என்று அறிந்தோர் சிலரே.

இப்பூங்காக்களின் நடுநாயகமாக விளங்கியது ‘கேபரே’ எனப்பட்ட நடன மண்டபம். அங்கே இசைக்குழு வாசிக்கும். ஆடவர் சீட்டு வாங்குவர். தாம் விரும்பும் நடன மங்கையிடம் ஒரு சீட்டைக் கொடுத்தால் ஒரு பாட்டு முடியும்வரை அவருடன் சேர்ந்து ஆடலாம். வாடகை வண்டியைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டணம் என்பதால் அமெரிக்காவில் இவர்களுக்கு ‘டாக்சி டான்சர்’ என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் ‘டான்சிங்’ என்னும் சொல் ‘லான்சிங்’ என்று திரிந்து, ‘லான்சிங் கேர்ள்’ என்று வழங்கியது. மங்கையர் திரட்டிய சீட்டுகளை எண்ணி, மண்டப உரிமையாளர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். சீட்டு இல்லையேல் சோறு இல்லை. புதிய உடை, காலணி, முகப்பூச்சு ஆகிய எல்லாம் அவர்கள் செலவு. வெளிச்சத்தில் புன்னகைத்து நிற்பதும் வேலையின் ஒரு பகுதி. அவ்வேலையைப் பார்த்தவர்களுள் பலர், தாய் தந்தையரையும் தம்பி தங்கையரையும் தாங்கிய பெண்கள்.

போர்க்காலத்தில் இதே பூங்காக்களில் ‘கெத்தாய்’ என்னும் பாட்டு மேடையும் வளர்ந்தது. பாடல், ஆடல், நகைச்சுவைத் துணுக்கு, குறுநாடகம் என்று கலந்து வழங்கும் பல்சுவை நிகழ்ச்சி அது. பெர்லினிலும் பாரிசிலும் ‘ரெவ்யூ’ என்று அழைத்தார்களே, அதற்கு நம் ஊர் உறவு என்று கூறலாம். இன்றும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மேடை போட்டுப் பாடுகிறார்கள். முன்வரிசை நாற்காலிகள் மறைந்தோரின் ஆவிகளுக்காக வெறுமையாக விடப்பட்டிருக்கும். அறியாமல் நம் பிள்ளைகள் அங்கே போய் அமர்ந்துவிட்டால் அண்டை வீட்டுச் சீன ஆச்சி அன்போடு எழுப்பிவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது, சிங்கப்பூரில் பள்ளியைக் காணாமலே மூன்றரை ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகள் ஏராளமாக இருந்தனர். வயது கடந்துவிட்டது. பெற்றோரிடம் பணம் இல்லை. பள்ளிகளில் இடமும் இல்லை. தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக 1946ஆம் ஆண்டு கேலாங் வட்டாரத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. சீனத்தில் அதன் பெயர் ‘மகிழ்ச்சிப் பள்ளி’ என்று பொருள்படும். ஆங்கிலத்தில் ‘ஹேப்பி சேரிட்டி ஸ்கூல்’ என்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கல்வி.

அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை ஊகித்திருப்பீர்கள். ஹேப்பி வோர்ல்டின் நடன மங்கையர்தாம் அப்பள்ளியை உருவாக்கினார்கள். முன்னின்றவர் ஹே யான் நா என்னும் பெண்மணி. அவரும் நடன மண்டபத்தில் ஆடிப் பிழைத்தவர். தம்மோடு ஆடியவர்களிடம் பேசி, அவர்களின் வருவாயிலிருந்து நன்கொடை பெற்றுப் பள்ளியை நடத்தினார். முதல்வர் பொறுப்பை ஏற்றவர் வோங் குவோ லியாங். நடன மங்கையர் நடத்தும் பள்ளியில் பணியாற்றினால் உலகம் என்ன சொல்லும் என்று அஞ்சி ஒதுங்காமல் ஓர் ஆசிரியர் அங்கே சென்றார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. அப்பள்ளி ஒரு தலைமுறைக்கும் மேலாக நிலைத்து, 1979ஆம் ஆண்டு மூடப்பட்டது. எழுத்தாளர் எடலின் ஃபூ 2017இல் இப்பெண்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று என் கண்முன் வந்தவை அந்தச் சீட்டுகளே. ஒரு பாட்டு, ஒரு சீட்டு. அதில் ஒரு பகுதி ஒரு பிள்ளையின் பாடநூல். இரவெல்லாம் நின்றும் ஆடியும் கால் வீங்கிய ஒருத்தி, தான் கற்காத எழுத்தை வேறொருத்தியின் பிள்ளை கற்கட்டும் என்று சீட்டுப்பணத்தை நீட்டியிருக்கிறாள். பெர்லினில் எடுத்த கதையில் ஆடுபவள் வாள்முனையில் விழுந்து இறந்தாள். சிங்கப்பூரில் ஆடியவர்கள் கரும்பலகையும் மேசை நாற்காலியும் வாங்கினார்கள்.

அதே 1946ஆம் ஆண்டுதான் சைனாடவுனை ஒட்டிய தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். முன்னே குறிப்பிட்ட தெருப்பெயரின் பின்னணி இதுதான். பெரும்பாலும் உடலுழைப்பால் வாழ்ந்த மக்கள் அவர்கள். மசாலா அரைத்து விற்ற பெண்களும் அச்சமூகத்தில் இருந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழுந்த அப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் வழியாக இன்றும் வாழ்கிறது. நம் மாணவர் பலர் அங்கே தமிழ் பயில்கிறார்கள்.

ஓராண்டு. இரு பள்ளிகள். ஒன்றை எழுப்பியவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம், பெயரைக் காக்கிறோம், பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மற்றொன்றை எழுப்பியவர்களைப் பற்றிப் பேசவே கூசுகிறோம். இரண்டிலும் உழைத்துச் சேர்த்த பணம் ஒன்றுதானே?

“ஆசிரியரே, நடன மண்டபத்தையா புகழ்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. அத்தொழிலில் சுரண்டலும் கண்ணீரும் மிகுதி. எந்தப் பெற்றோரும் தம் மகள் அதற்குச் செல்ல வேண்டும் என்று விரும்பமாட்டார். அங்கே இருந்தவர்களும் அதை விரும்பியிருக்கமாட்டார்கள். அதனால்தான் அவர்கள் தம் பணத்தை வேறெதற்கும் முன்பாகக் கல்விக்குக் கொடுத்தார்கள் என்று நான் கருதுகிறேன். தொழிலின் இடரைச் சொல்வது வேறு. தொழில் செய்தவரை இழிவாகப் பேசுவது வேறு. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

நம் மரபு இக்குழப்பத்தை ஈராயிரம் ஆண்டுகளாக அறியும். சிலப்பதிகாரத்தின் மாதவி ஆடற்கலையில் தேர்ந்தவள். பன்னிரண்டு வயதில் சோழ மன்னன்முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அவள் மகள் யார்? மணிமேகலை. அமுதசுரபியை ஏந்தி ஊரின் பசியை ஆற்றியவள், ஆடல் மகளின் மகள். சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் செய்தவளும் அவளே. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றின் தலைவியாக ஒரு நாடகமகளின் பெண்ணை வைத்த புலவர், ஊரார் கண்ணோட்டத்தை மாற்ற நினைத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வகுப்பில் அமுதசுரபியின் கதையைச் சொல்கிறோம். அவள் தாயின் தொழிலைச் சொல்லும் இடம் வந்தால் விரைந்து கடந்துவிடுகிறோம்.

அண்மை வரலாற்றிலும் சான்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர். பாடியும் ஆடியும் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் எழுப்பினார். அவ்வாராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவரே. இன்று அங்கே அமர்ந்து பாடும் பெருமக்கள் அவர் பணத்தில் எழுந்த கோவிலின்முன்தான் அமர்கிறார்கள்.

இங்கே, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மேடையில் துணிச்சலான ஆட்டங்களுக்குப் பெயர்பெற்று, ஊரார் வசைக்கு ஆளான ரோஸ் சான் என்பவரும் ஹேப்பி வோர்ல்ட் நடன மண்டபத்திலிருந்து வந்தவரே. பிள்ளைகள் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அவர் பணம் திரட்டிக் கொடுத்தார். அவர் ஆட்டத்தை நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி ஊர் அறிந்தது மட்டுமே முழுமையன்று என்பதைப் பெரியவர்கள் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு வகுப்பறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரிதல் கூடாது என்பதால் ஆண்டையும் பள்ளியையும் குறிப்பிடவில்லை.

தொடக்கநிலை நான்காம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்னும் தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். தந்தையின் தொழில், தாயின் தொழில் ஆகியவற்றைக் குறிப்பதற்குத் துணைக்குறிப்புகள் கொடுத்திருந்தேன். ஒரு சிறுமி எல்லாவற்றையும் அழகாக எழுதிவிட்டுத் தாயின் தொழில் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று எண்ணி நினைவூட்டினேன். “எழுத வேண்டாம் ஆசிரியரே” என்று மெல்லச் சொன்னாள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் தாயார் வந்தார். மகளின் தேர்வுத்தாளை வரிவரியாகப் பார்த்தார். எங்கே மதிப்பெண் குறைந்தது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு சிறு தாளில் குறித்துக்கொண்டார். எழுந்து போகும்போது தயங்கி நின்றார்.

“டீச்சர், நான் ராத்திரி கிளப்ல மேடையில ஆடுற வேலை பாக்குறேன். அத அவ எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன். எனக்கு வெக்கம் இல்ல டீச்சர். மத்த பிள்ளைங்க அவளச் சொல்லிக் காட்டக் கூடாது, அதான்.”

அடுத்த வாரமே வேறொரு பெற்றோர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். படித்தவர், பண்பாகப் பேசுபவர். தம் மகளின் இருக்கையை மாற்ற முடியுமா என்று கேட்டார். காரணம் கேட்டபோது, “அந்தப் பிள்ளையோட அம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?” என்றார். “தெரியும். அந்தப் பிள்ளை உங்கள் மகளுக்கு வாசிப்பில் உதவி செய்கிறாள்” என்றேன். இருக்கையை மாற்றவில்லை. அவர் மேலும் எதுவும் கேட்கவில்லை. மனம் மாறினாரா என்பது வேறு செய்தி. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இத்தகைய வேறுபாட்டைத் தாமாக உருவாக்குவதில்லை. நம் வீட்டு உணவு மேசையில்தான் அதைக் கற்கிறார்கள். ‘கூத்தாடி’ என்னும் சொல் ஒரு கலைஞரைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். அதை வசைச்சொல்லாக்கியவர்கள் பிள்ளைகளல்லர்.

அடுத்த கட்டுரைக்கு நான் துணைக்குறிப்பை மாற்றிக்கொடுத்தேன். ‘உங்கள் வீட்டில் ஒருவர் உங்களுக்காகச் செய்யும் ஒரு செயலை விரிவாக எழுதுக’ என்றேன். வகுப்பில் எல்லாருக்கும் பொதுவான தலைப்பு. அச்சிறுமி எழுதியது இதுதான்: அம்மா விடியற்காலையில் வீட்டுக்கு வருவார், தூக்கம் கண்ணைச் சுற்றும், ஆனாலும் தனக்குத் தலைபின்னி, மைலோ கலக்கிக் கொடுத்து, பள்ளிப் பேருந்து ஏற்றிவிட்ட பிறகே படுப்பார். பின்னல் இறுக்கமாக இருப்பதால் மாலைவரை கலையாது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள். எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டுரை திருத்துகிறேன். அந்த வாக்கியத்தை இன்னும் மறக்கவில்லை.

அன்று அந்தத் தாயைப் பார்த்தபோது எனக்கு ஹே யான் நாவைப் பற்றித் தெரியாது. பின்னாளில் தெரிந்தபோது, முகம் அறியாத அந்த 1946ஆம் ஆண்டுப் பெண்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரு முகம் கிடைத்தது. பிள்ளையின் மதிப்பெண்ணைத் தாளில் குறித்துக்கொண்ட முகம் அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லும்போது தொழிலின் பெயரைக் கேட்பதைவிட, அன்றாடச் செயலைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வேலை இழந்தவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே தளத்தில் நின்று எழுத முடியும். மொழிநடையும் சிறக்கும். ‘என் தந்தை ஒரு பொறியாளர்’ என்பது ஒரு தகவல். ‘என் தந்தை வேலை முடிந்து வந்ததும் முதலில் என் மிதிவண்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார்’ என்பது கட்டுரை. சைனாடவுனுக்குக் கற்றல் பயணம் அழைத்துச் செல்வோர் கோவில், பள்ளிவாசல் ஆகியவற்றோடு கடையநல்லூர் ஸ்திரீட்டையும் மஜெஸ்டிக் கட்டடத்தையும் காட்டுங்கள். ‘இந்தப் பள்ளியை யார் கட்டினார்கள்? அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கப் பழக்குங்கள். எந்தப் பள்ளியைப் பற்றியும் கேட்கத்தக்க நல்ல வினாக்கள் இவை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை, நண்பனின் தாய் தந்தையர் செய்யும் வேலையைப் பற்றி வீட்டில் சொல்லும்போது, உங்கள் முகத்தில் தோன்றும் முதல் குறிப்பை அவன் படித்துவிடுகிறான். அதற்கு ஒலி தேவையில்லை. பேசாப்படம் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு நிகர் எவருமில்லை.

மகிழ்ச்சிப் பள்ளியில் முதலில் சேர்ந்த பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள். கடைசியாகப் படித்தவர்களுக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். உங்கள் புளோக்கில், காப்பிக்கடையில், நீங்கள் நாள்தோறும் புன்னகைத்துக் கடக்கும் முதியவர்களுள் ஒருவர் அங்கே எழுத்தறிந்தவராக இருக்கக்கூடும். அவர் இன்று நாளிதழ் படிக்கிறார் என்றால், என்றோ ஓர் இரவில் யாரோ ஒருத்தி இன்னும் ஒரு பாட்டுக்கு ஆடியிருக்கிறாள்.